சமையல்கட்டுச் செருப்பு

மங்களத்தின் வலது காலில் கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் போன பிறகு, லாலாகூடா வீட்டில் பேச்சு முழுக்கச் செருப்பைப் பற்றியே ஆகிவிட்டது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் சிவஞானம் செருப்பைப் பற்றி மொத்தமாக ஒரு பத்து நிமிஷம் பேசியிருப்பார். அதுவும் மைத்துனன் கல்யாணத்தில் புதுச் செருப்பைக் கோட்டை விட்டபோது. இப்போது விடிந்தால் செருப்பு, விளக்கு வைத்தால் செருப்பு.

விரல் போனதற்குக் காரணம் பக்தி. சித்திரை மாதத்தில் பட்டப்பகல் பதினொன்றரை மணிக்குக் கோயில் பிரகாரத்தை ஒன்பது சுற்று சுற்றினாள் மங்களம். கல்தரை தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. மற்றவர்கள் எல்லாம் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். இவள் நிதானமாகச் சுற்றினாள். "பாரு, அந்தம்மாவுக்கு என்ன நம்பிக்கை" என்று யாரோ சொன்னார்களாம். நம்பிக்கையாவது ஒன்றாவது. சர்க்கரை அவள் பாதத்தின் உணர்ச்சியைத் தின்று தீர்த்து நாலு வருஷமாகிறது. சுட்டதே தெரியவில்லை. அன்று சாயங்காலம் ஹாலில் அவள் நடந்த வழியெல்லாம் ஈரமாகச் சிவந்து கிடந்ததைப் பார்த்து சிவஞானம்தான் கத்தினார். கொப்புளம் புண்ணாகி, புண் கறுத்து, வைகாசி முடிவதற்குள் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஆடியில் புண் ஆறியது. ஹப்சிகுடாவில் பாதத்துக்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரியில் டாக்டர் ப்ரியம்வதா இரண்டே இரண்டு கட்டளை போட்டார். ஒன்று, வீட்டுக்குள்ளேயும் செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கக்கூடாது. இரண்டு, தினமும் சாயங்காலம் வேறொருவர் அந்தக் காலை எடுத்து, மிச்சமிருக்கும் விரல்களை இடுக்கு இடுக்காக விரித்துப் பார்க்க வேண்டும். அவளால் குனிந்து பார்க்க முடியாது. புண் வந்தால் வலிக்கவும் வலிக்காது.

"இன்னொரு புண் வந்தா விரலோட நிக்காது, சார்" என்றார் டாக்டர். "முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம். அவங்க காலுக்கு இனிமே கண்ணு நீங்கதான்."

சிவஞானம் மல்லாபூரில் ஒரு பெயின்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையரானவர். அறுபத்தேழு வயது. அவருக்கே ஒரு கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினார்.

அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் செருப்பு செய்து தரும் ராகவேந்திரா என்கிறவர் இருந்தார். மங்களத்தை ஒரு காகிதத்தின் மேல் நிற்க வைத்து, பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். வெட்டிய காகிதத்தில் விரல் இல்லாத பக்கம் சரிந்துபோயிருந்தது. மங்களம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆபரேஷனான நாளிலிருந்து அவள் அந்தக் காலைப் பார்த்ததில்லை. காகிதத்தில்தான் முதல் தடவை பார்த்தாள்.

பிறகு இரண்டு மூன்று அளவில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்பு. விரலில் மாட்டுகிற செருப்பு இனிமேல் கிடையாது. மாட்டக் கட்டைவிரல் வேண்டுமே. மூன்றாவதைப் போட்டதும் மங்களத்தின் முகம் மலர்ந்தது.

"இதுதாங்க. இதுதான் காலைக் கப்புனு புடிச்சிக்கினு இருக்குது. மத்ததெல்லாம் போட்ட மாதிரியே இல்ல."

ராகவேந்திரா காகிதப் பாதத்தை அந்தச் செருப்புக்குள் வைத்தார். ஓரமெல்லாம் மடங்கிக்கொண்டது. "அம்மா, உங்க காலுக்கே புடிக்கிறது தெரியுதுன்னா, அது அவ்வளவு டைட்டா இருக்குன்னு அர்த்தம். உங்களுக்குப் போட்ட மாதிரியே தெரியாத செருப்புதான் உங்களுக்குச் சரியான செருப்பு" என்றார் தெலுங்கும் தமிழுமாக.

"போட்ட மாதிரி தெரியாத செருப்பைப் போட்டுக்கினு எப்படி நடக்கறது?"

அது நியாயமான கேள்விதான். பதில் அங்கேயே கிடைத்தது. கட்டைவிரல் இல்லாத கால் முன்னால் தள்ளாது. முன்னே வைக்கிறேன் என்று அவள் வைத்த அடி பக்கவாட்டில் போய், சிவஞானத்தின் தோளில் முடிந்தது. குதிகாலை முதலில் வை, சின்னதாக எட்டு வை, அவசரப்படாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி போவதற்குள் இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. விரல் போன இடத்தை அடைக்கச் செருப்புக்குள் ஒரு மெத்தைத் துண்டு வைத்துத் தந்தார்கள். மேலே மெல்லிய தோல், உள்ளே பஞ்சு.

செருப்பு வந்துவிட்டது. அடுத்த சண்டை வாசற்படியில் காத்திருந்தது.

மங்களத்தின் வீட்டுக்குள் செருப்பு நுழைந்ததாகச் சரித்திரம் இல்லை. ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று சொன்ன ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று வாரம் ஃபிரிட்ஜ் இல்லாமல் குடும்பம் நடத்தியவள் அவள். அதிலும் சமையல்கட்டில்தான் சாமி அலமாரி. முருகன் அங்கேதான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஹாலுல போட்டுக்கறேன், ரூமுல போட்டுக்கறேன். சமையல்கட்டுல நக்கோ, வேணவே வேணாம்."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"டாக்டரம்மாவைக் கேட்டுதான் நான் சாமி கும்புடறேனா?"

"அப்ப நான் சமைக்கிறேன். நீ உள்ளே போகாதே."

"நீங்களா?" என்றாள் மங்களம். அந்த ஒரு வார்த்தையில் அவருடைய மூன்று மாதச் சமையலும் அடங்கிவிட்டது.

நாலு நாள் இப்படியே போயிற்று. ஹாலில் செருப்போடு நடந்து வந்து, சமையல்கட்டு வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனாள். கடுகு தெறிக்கிற, கத்தி விழுகிற, வெந்நீர் கொட்டுகிற ஒரே இடத்தில் வெறுங்கால். சிவஞானம் ஐந்தாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். ராகவேந்திராவிடம் சொல்லி இன்னொரு ஜோடி செய்து வாங்கி வந்தார்.

"இதோ பாரு. இது தெருவையே மிதிக்காத செருப்பு. வாசப்படி தாண்டாது. வீட்டுக்குள்ளே மட்டும். தினம் நீ குளிச்சதும் இதையும் கழுவிக்கோ. பாத்திரத்தைக் கழுவி உள்ளே எடுத்துக்கினு போறதில்லையா? அந்த மாதிரி."

மங்களம் யோசித்தாள். அலமாரிப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். "அது ஒரு மாதிரி சரிதான்" என்றாள். சிவஞானத்துக்குத் தன் புத்தியை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான், ஆனால் அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சாயங்காலம் ஏழு மணிக்குக் கால் பார்க்கும் வேலை. ஸ்டூல், டார்ச், மூக்குக்கண்ணாடி. அவர் ஒருவர்தான் பார்க்க வேண்டும் என்பது மங்களத்தின் சட்டம். மகன் ராகேஷும் மருமகள் சுப்ரியாவும் மாதாப்பூரில் இருந்தார்கள். தெலுங்குப் பெண், வாரம் தவறாமல் வருவாள். "மாமைய்யா, நான் பார்க்கிறேன், நீங்க கொஞ்சம் படுங்க" என்று எத்தனை தடவை கேட்டாளோ. மங்களம் உடனே புடவையைக் கால் மேல் இழுத்து விட்டுக்கொள்வாள்.

"தீபாவளிக்கும் உகாதிக்கும் குனிஞ்சி தொட்டுக் கும்புட்ட காலு" என்பாள் அவள் போன பிறகு. "அதை இந்தக் கோலத்துல அவகிட்ட காட்டணுமா? நான் செத்தப்புறம் பாக்கட்டும்."

சிவஞானம் எதிர்த்துப் பேசவில்லை. பேசுவதற்கும் தெம்பு வேண்டும். காலையில் ஐந்தரைக்குச் சர்க்கரை பார்த்து ஊசி. பிறகு பால், காய்கறி, மருந்துக்கடை. அவளைக் குளிக்கக் கொண்டுபோய் விட்டு வாசலிலேயே நிற்பது. சமைக்கும்போது கூட நிற்பது. அவள் ஒவ்வொரு தடவை எழும்போதும் விழுந்துவிடுவாளோ என்று தானும் எழுவது. கம்பெனியில் முப்பது வருஷம் நின்ற கால்தான். ஆனால் அங்கே ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். இங்கே யார் ஊதுவது?

ஆவணி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, தீப்பெட்டி நமுத்துப் போனது. அந்த வாரத்தில் ஒரு புதன்கிழமை சாயங்காலம், சிவஞானம் வழக்கம்போல் ஸ்டூலில் உட்கார்ந்தார். டார்ச் பக்கத்து அறையில் இருந்தது. எழுந்து போய் எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எழ முடியவில்லை. முழங்கால் வலி என்று சொல்ல முடியாது, ஜுரமும் இல்லை. வெறும் அலுப்பு. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட அலுப்பு. புடவையைக் கொஞ்சம் தூக்கினார், மூடினார்.

"எப்படி இருக்குது?" என்றாள் மங்களம்.

"நல்லாயிருக்கு."

வியாழக்கிழமையும் நல்லாயிருக்கு. வெள்ளி, சனியும் நல்லாயிருக்கு. ஸ்டோரில் வருஷக் கடைசியில் அடித்தட்டு டின்களை எண்ணாமலே எண்ணியாயிற்று என்று கையெழுத்துப் போடுவதுண்டு. அங்கே குறைந்தால் பெயின்ட் டின் குறையும். இங்கே என்ன குறையும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தார். ஒரு நாள்தானே என்று ஆரம்பித்தது, முதல் நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று தொடர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் ஒரு வாடை. ஈர மாப்பு என்று நினைத்தார். மாப்பை வெளியே எறிந்தார், வாடை போகவில்லை. மங்களம் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் கீழே உட்கார்ந்து, செருப்பின் வாரைப் பிரித்தார். செருப்பு ஈரமாக இருந்தது. மெத்தைத் துண்டை விரலால் அழுத்தினார், தண்ணீர் கசிந்தது. மூன்றாம் விரலின் பக்கம், தோல் ஊறி வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் அடியில் மிளகளவு ஒரு கறுப்பு.

பட்ட காலிலே படும் என்று சொல்வார்கள். சொல்வது சுலபம். சிவஞானத்துக்கு வாரைத் திரும்ப மாட்ட வரவில்லை.

அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஹப்சிகுடா போனார்கள். டாக்டர் ப்ரியம்வதா காலைப் பார்த்தார், செருப்பை வாங்கி முகர்ந்தார்.

"இதைக் கழுவினீங்களா?"

"தினம்" என்றாள் மங்களம். "குளிச்சதும்."

"காய வெச்சீங்களா?"

"துடைச்சிட்டுப் போட்டுக்குவேன். வெறுங்காலோட நடக்கக்கூடாதுன்னு சொன்னீங்களே."

டாக்டர் பெருமூச்சு விட்டார். பஞ்சு வைத்த செருப்பை மழைக்காலத்தில் தினமும் கழுவி ஈரத்தோடு போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்கினார். கோபப்படவில்லை. அதுவே சிவஞானத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

"இது ஒரு நாள்ல வந்ததில்லை, சார். மூணு நாலு நாளாவது ஆகியிருக்கும். தினமும் பாத்தீங்களா?"

சிவஞானம் வாயைத் திறந்தார்.

"பாத்தாரு டாக்டர்" என்றாள் மங்களம். "தினமும் பாத்தாரு. கழுவுனது என் தப்பு. யாரும் சொல்லல, நானாத்தான் கழுவுனேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். கழுவச் சொன்னதும் அவர், பார்க்காததும் அவர். இரண்டையும் அவள் ஒரே மூச்சில் துடைத்துப் போட்டுவிட்டாள். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மூன்றாம் விரலை எடுத்தார்கள். எலும்புக்குள் இன்னும் இறங்கவில்லை, கால் தப்பித்தது, அடுத்த தடவை தப்பிக்காது என்றார் டாக்டர். ஆறு நாள் ஆஸ்பத்திரி. சுப்ரியா லீவு போட்டுவிட்டுச் சாப்பாடு கொண்டு வந்தாள். அவள் உள்ளே வரும்போதெல்லாம் மங்களம் போர்வையைக் கால் மேல் இழுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மங்களம் செய்த முதல் காரியம், பழைய ஜரிகைத் துணி ஒன்றைக் கிழித்து சாமி அலமாரிக்குத் திரை போடச் சொன்னது. "நான் உள்ளே இருக்கிற வரைக்கும் மூடி வெச்சிருங்க. வெளியே வந்ததும் திறந்து உடுங்க. எனக்காக அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கட்டும்" என்றாள். புதிதாகச் செய்து வந்த செருப்பை, கழுவாத காய்ந்த செருப்பை, போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்தபடி சமையல்கட்டுக்குள் போனாள். இத்தனை சுலபமாக முடிகிற விஷயத்துக்கா ஒரு விரல் போயிற்று என்று சிவஞானம் அடுப்புப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டூலைப் போட்டார். டார்ச்சும் கண்ணாடியும் எடுத்து வந்திருந்தார். காலை மடியில் வைத்துக்கொண்டார். நாலாம் விரலும் சுண்டு விரலும் மட்டும் ஓரத்தில் இருந்தன. விரித்துப் பார்த்தார். தையல் போட்ட இடத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மங்களம், ஒண்ணு சொல்லணும். அந்த நாலு நாளு நான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க பாக்கலைன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்? உனக்குத்தான் கால்ல ஒண்ணும் தெரியாதே."

"கால்லதான் தெரியாது. கண்ணு நல்லாத்தானே இருக்குது? பொடவையைத் தூக்கினீங்க, மூடினீங்க. நாலு நாளும் நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

சிவஞானத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "அப்ப ஏன் கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"மொத நாளு கேக்கலாம்னுதான் வாயைத் தொறந்தேன். ஸ்டூல்ல உக்காந்த மேனிக்கே உங்களுக்குக் கண்ணு சொருகிப் போச்சு. ஒரு நாளு தூங்கட்டும்னு உட்டுட்டேன்." மங்களம் புடவை ஓரத்தை நீவி விட்டாள். "அப்புறம் உட்டது உங்களுக்காக இல்ல. செருப்பு காயலன்னு எனக்குத் தெரியும். நீங்க பாத்தா கழுவாதேன்னுவீங்க. கழுவலன்னா நான் உள்ளே போவ முடியாது. நீங்க பாக்காம இருந்தது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு."

சிவஞானம் டார்ச்சை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க மங்கலாகவே இருந்தது. அழுகிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவமானம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. நாளைக்கும் ஏழு மணி வரும். நாளன்றைக்கும் வரும். இந்த ஸ்டூலில் அவர்தான் உட்கார வேண்டும். என்றைக்காவது மறுபடி எழ முடியாமல் போகும்; அன்றைக்கும் நல்லாயிருக்கு என்று சொல்லிவிடுவார். தன்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"என்னால தனியா முடியல, மங்களம்" என்றார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. "முடியல. நான் மறுபடியும் பாக்காம உட்டுடுவேன். காலே போயிடும்."

மங்களம் அவருடைய தலைமயிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசை மேல் இருந்த போனை எட்டி எடுத்து, எண்ணைத் தேடி, வீடியோவில் கூப்பிட்டாள்.

சுப்ரியாவின் முகம் வந்தது. பின்னால் ஆபீஸ் நாற்காலிகள் தெரிந்தன. "அத்தைய்யா? என்ன ஆச்சு? மாமைய்யா எங்கே?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கோம்" என்றாள் மங்களம் தெலுங்கில். "உனக்கு ரெண்டு நிமிஷம் இருக்குதா?"

"இருக்கு, சொல்லுங்க."

மங்களம் ஒரு கையால் புடவையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கினாள். இன்னொரு கையால் போனைத் திருப்பிக் காலுக்கு நேரே பிடித்தாள். மங்களம் வேறு எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதுமடல் சிவந்துபோயிருந்தது.

"இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டு வாங்க, அத்தைய்யா" என்றது சுப்ரியாவின் குரல். "விரல் நடுவிலே சரியாத் தெரியலை. வெளிச்சம் போடச் சொல்லுங்க."

சிவஞானம் டார்ச்சைத் தேடி எடுத்தார். மங்களம் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கும் இவதான் பாப்பா. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாக்கட்டும்" என்றாள். "நீங்க போய்ப் படுங்க."

மணி ஏழேகால்கூட ஆகவில்லை. சிவஞானம் போய்ப் படுத்தார்.